செவலை எங்கே முட்டை வைக்கிறது?

சனிக்கிழமை

நான், காலை 7.42: செவலை பத்து நாளாக முட்டையே வைக்கவில்லை. தீனி தின்கிறது, கொண்டையும் நல்ல சிவப்பாக இருக்கிறது. ஏதாவது நோயா? பயமாக இருக்கிறது.

பெரியம்மா: கொண்டை சிவப்பாக இருக்கிறது என்றால் முட்டையை நிறுத்தவில்லை கண்ணு. நிறுத்திய கோழிக்குக் கொண்டை வெளிறிச் சுருங்கும். வேறெங்கோ வைக்கிறது.

நான்: கூண்டுக்குள் வைக்கோல் போட்ட பெட்டி இருக்கிறதே பெரியம்மா. மற்ற மூன்றும் அதில்தான் வைக்கின்றன.

மாமா: காலையில் எத்தனை மணிக்குத் திறந்துவிடுகிறாய்?

நான்: 6 மணிக்கு மாமா.

மாமா: அதுதான் விஷயம். கோழி பெரும்பாலும் மதியத்துக்குள் முட்டை வைத்துவிடும். ஒரு முட்டை உள்ளே உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதனால் இன்றைக்கு 8 மணி என்றால் நாளைக்கு 9 மணி. இப்படித் தள்ளிக்கொண்டே போய், ஒரு நாள் விட்டு மறுபடியும் காலையில் தொடங்கும். இன்றைக்கு மதியம் வரை கண்ணை எடுக்காதே.

பெரியம்மா: ஆனால் பின்னாலேயே போகாதே. ஆள் பார்ப்பது தெரிந்தால் நின்றுவிடும், சும்மா மண்ணைக் கிளறும். தள்ளி உட்கார்ந்துகொள். முட்டைக்கு இடம் தேடும் கோழி இழுத்து இழுத்துக் கேறிக்கொண்டே ஒவ்வொரு சந்திலும் தலையை விட்டுப் பார்க்கும்.

அண்ணன்: கொக்கரிக்கிற சத்தத்தை மட்டும் நம்பாதே. எங்கள் கோழி முட்டை வைத்துவிட்டு வெளியே வந்து, நாலு எட்டு தள்ளிப் போய்த்தான் கொக்கரிக்கும்.

நான், 10.55: கிடைத்துவிட்டது!!! சுவரில் சாய்த்து வைத்த தகரத்துக்குப் பின்னால். என் கை மட்டும்தான் நுழைகிறது, உள்ளே ஒரே இருட்டு. காய்ந்த சருகை நெஞ்சால் அழுத்தி வட்டமாகக் குழி செய்திருக்கிறது. 9 முட்டை. மேலே இருந்தது இன்னும் சூடாக இருக்கிறது, அதில் ஒரு சின்னச் செவலை இறகு ஒட்டியிருக்கிறது.

பெரியம்மா: பார்த்தாயா, என்ன இடம்! தலைக்கு மேலே மறைவு, முதுகுக்குச் சுவர், வர ஒரே வழி. காட்டுக்கோழி புதரடியில் தரையில் குழி செய்துதான் வைக்கும். அந்த வம்சம்தானே இது.

அக்கா: ஒன்பதையும் எடுத்துவிடலாமா?

பெரியம்மா: ஒன்றை விட்டுவிட்டு எடு. வழித்து எடுத்தால் இந்த இடம் ஆகாது என்று வேறு இடம் தேடிப் போய்விடும், மறுபடி நீ முதலிலிருந்து தேட வேண்டும். விட்டதில் பென்சிலால் ஒரு கோடு போடு.

மாமா: எடுத்ததைச் சமைக்கும் முன் தண்ணீரில் போட்டுப் பார். படுத்தால் புதிது, எழுந்து நின்றால் பழையது, மிதந்தால் வேண்டாம். நாளாக ஆக ஓட்டின் துளை வழியே ஈரம் போய், உள்ளே காற்று கூடிவிடும். எடுத்து வைக்கிற முட்டையை மட்டும் நனைக்காதே. ஓட்டின் மேல் இருக்கிற பூச்சு போய்விட்டால் கிருமி எளிதாக உள்ளே நுழையும்.

அக்கா: அந்தத் தகரத்துக்குப் பின்னால் பாம்பு, கீரி வந்தால் முட்டை மட்டுமா போகும், கோழியும் போய்விடுமே.

மாமா: ஆமாம். கொஞ்ச நாள் 11 மணி வரை கூண்டைத் திறக்காதே. பெட்டிக்குப் பழகிவிடும்.

பெரியம்மா: அடைத்தால் மட்டும் போதாது. நன்றாக வைத்துக்கொண்டிருந்த கோழி ஏன் பெட்டியை விட்டுப் போனது? பத்து நாளுக்கு முன் எதையாவது மாற்றினாயா?

நான்: கூண்டைக் கழுவினேன். அப்போது பெட்டியைக் கதவுப் பக்கம் நகர்த்தினேன், முட்டை எடுக்கச் சுலபமாக இருக்கும் என்று.

பெரியம்மா: உனக்குச் சுலபம். அதற்கு முகத்தில் வெளிச்சம், போகிற வருகிற கோழியெல்லாம் மிதிக்கும். பழைய மூலையிலேயே வை. முன்னால் பாதிக்குச் சாக்குத் தொங்கவிடு. கோடு போட்ட முட்டையை அதற்குள் வை. ஏற்கெனவே முட்டை கிடக்கிற இடத்தைக் கோழி நம்பும்.

திங்கட்கிழமை

நான், காலை 9.30: கதவருகே நின்று கேறிக்கொண்டே இருக்கிறது. கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. திறந்துவிடட்டுமா?

மாமா: தண்ணீரும் தீனியும் உள்ளே இருக்கிறதல்லவா? பொறுத்துக்கொள், 11 மணி வரைதான்.

நான், 11.10: வைக்கவில்லை. திறந்துவிட்டேன். நேராகத் தகரத்துக்குத்தான் ஓடுகிறது.

புதன்கிழமை

நான், காலை 10.20: ஒன்பதரை மணிக்குச் செவலை சாக்குக்குள் தலையை விட்டது, வெளியே வந்தது, மறுபடி போனது. அப்புறம் வரவே இல்லை. வைக்கோல் சரசரக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இப்போது பார்த்தேன், கோடு போட்ட முட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று!

அக்கா: அப்பாடா!

பெரியம்மா: நல்லது கண்ணு. கோடு போட்ட பழையதை எடுத்துவிட்டுப் புதியதில் கோடு போட்டு வை. நாள்கணக்கில் ஒன்றையே விட்டால் கூமுட்டையாகி வெடித்துவிடும்.

நான்: சரி பெரியம்மா. தகரத்தை இப்போதுதான் நகர்த்தினேன். அந்தக் குழி வட்டம் கலையாமல் இருக்கிறது. கலைக்க மனம் வரவில்லை.

பெரியம்மா: கலைத்துவிடு. இல்லையென்றால் கதவைத் திறந்ததும் அங்கேதான் போகும்.