புதுப்பிப்பு: மினி லேத்துக்கு க்விக் சேஞ்ச் டூல் போஸ்ட், முடிவெடுத்தாயிற்று

என் 7×14 (7 அங்குல விட்டம், 14 அங்குல நீளம்) மினி லேத்துக்கு, அதாவது சிறிய கடைசல் இயந்திரத்துக்கு, டூலைச் சட்டென்று மாற்ற உதவும் க்விக் சேஞ்ச் டூல் போஸ்டில் ஏஎக்ஸ்ஏ அளவு சரிவருமா, அதைவிடச் சின்ன ஓஎக்ஸ்ஏ போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பெரியதாகவே வாங்குங்கள் என்றார்கள் பலர். நண்பரிடம் ஏஎக்ஸ்ஏ இரவல் வாங்கி வைத்தே பார்த்துவிட்டேன். ஹோல்டரை (டூலைப் பிடித்தபடி போஸ்டில் மாட்டும் பகுதி) அடிவரை இறக்கியும் 12 மி.மீ. டூலின் முனை லேத்தின் சுழல் மையத்துக்கு மேலேயே நின்றது. காம்பவுண்டின் (டூல் போஸ்ட் உட்காரும் நகரும் மேடை) மேல்பகுதியைச் சீவி இறக்கலாம்தான், எனக்கு மனம் வரவில்லை. அந்த அளவு 9 முதல் 12 அங்குல ஸ்விங் (சுழற்றக்கூடிய அதிகபட்ச விட்டம்) உள்ள லேத்துகளுக்கானது.

ஆகவே ஓஎக்ஸ்ஏ, வெட்ஜ் வகை. ஹோல்டரைப் பிடிக்கும் விதத்தில்தான் வித்தியாசம். பிஸ்டன் வகை ஹோல்டரை வெளியே தள்ளிப் பிடிக்கும். வெட்ஜ் போஸ்டோடு இழுத்து அணைத்துக்கொள்ளும். விலை கூடுதல்தான், ஆனால் கழற்றி மாட்டினாலும் முனை பழைய இடத்துக்கே வருகிறது.

போஸ்டின் நடுத்துளை அதைக் காம்பவுண்டில் நிறுத்தும் என் ஸ்டட்டைவிடப் (திருகுக் கம்பி) பெரியது. இடைவெளியை நிரப்பப் பித்தளையில் புஷ் (வளையக் குழல்) கடைந்து போட்டேன்.

அப்புறம், உயரம் வைக்கும் முறை: லேத்தில் மாட்டிய உருளைக் கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவே மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை லேசாக நெருக்குங்கள். ஸ்கேலின் மேல்முனை நம் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயரம். நேராக நின்றால் ஹோல்டரின் உயர நட்டை இறுக்கிவிடலாம். தகடு தகடாக அடுக்கி உயரம் பார்த்த காலம் முடிந்தது!

பார்ட்டிங்கில் (கம்பியைத் துண்டாக வெட்டியெடுக்கும்போது) அதிர்வு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்து கிப்களை (நகரும் பாகங்களின் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டைகள்) இறுக்கிப் பார்க்கப் போகிறேன்.