தூசியை நன்றாகப் பிடிக்கும் வட்ட ரம்பம் எது? உதவி தேவை

கொட்டகைத் தச்சர்

வணக்கம். வீட்டுப் பட்டறைக்கு வட்ட ரம்பம் ஒன்று வாங்க வேண்டும். இப்போது இருக்கும் ரம்பம் அறுப்பதில் குறை வைப்பதில்லை. ஆனால் ஒரு பலகையை அறுத்து முடிப்பதற்குள் அறை முழுவதும் தூள் பறக்கிறது. வேக்குவம் கிளீனரையும் மாட்டிப் பார்த்துவிட்டேன், பயனில்லை. அடுத்த அறையில் ஆஸ்துமா உள்ள என் அம்மா இருக்கிறார். ஆகவே இதைத் தள்ளிப்போட முடியாது. எந்த ரம்பம் வாங்கலாம் என்று இந்த வாரத்திற்குள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

இழைப்புளி

நீங்கள் கேட்பது கையில் பிடித்து அறுக்கும் ரம்பத்தையா, மேசை ரம்பத்தையா? இரண்டையும் வட்ட ரம்பம் என்றே சொல்கிறார்கள். இரண்டுக்கும் தூசி பிடிக்கும் வழி வேறு. அறுப்பது பிளைவுட்டா, எம்.டி.எஃப். பலகையா (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்வது), கட்டை மரமா? எத்தனை மில்லிமீட்டர் பருமன்? மின்கம்பி உள்ளது வேண்டுமா, பேட்டரியில் ஓடுவது வேண்டுமா? இவை தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது ஊகமாகவே இருக்கும்.

அளவுகோல்

வேக்குவத்தை மாட்டிப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள், எப்படி மாட்டினீர்கள்? ரம்பத்தின் தூசி வாயும் குழாயும் ஒரே அளவில் இருந்தனவா, இடையில் ஏதேனும் சுற்றி ஒட்டினீர்களா? குழாயின் உள்விட்டம் எவ்வளவு? உள்ளே இருப்பது துணிப்பையா, காகிதப் பையா, மடிப்பு ஃபில்டரா?

வைரம்பாய்ந்தவர்

மாதம் ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். முந்தைய இழைகளைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். ரம்பத்தை மாற்றினால் தூசி போய்விடும் என்று நினைப்பதே அடிப்படைப் பிழை. கை ரம்பத்தில் பற்கள் முன்புறத்தில் கீழிருந்து மேலாக ஏறி அறுக்கின்றன. தூளின் பெரும்பகுதி மேல்மூடிக்குள் எறியப்படுகிறது, வெளியேறாமல் பல்லிடைக் குழிகளில் தங்கியது தகட்டோடு சுற்றி வந்து பின்புறம் கீழே கொட்டுகிறது. இதை அறியாமல் எந்த ரம்பத்தை வாங்கியும் பயனில்லை. பட்டறைக்கு 100 மி.மீ. குழாய் கொண்ட பெரிய தூசி சேகரிப்பு ஊதுவிசிறி ஒன்றைப் போடுங்கள். முப்பது ஆண்டுகளாக மரவேலை செய்பவன் சொல்கிறேன், மற்றதெல்லாம் வீண் செலவு.

மரவாசம்

ஐயா, கேட்டவர் சிறிய வீட்டுப் பட்டறைக்குக் கேட்கிறார். என் கருத்தில் இதற்கு டிராக் சா, அதாவது வழிகாட்டித் தண்டவாளத்தின் மேல் ஓடும் வட்ட ரம்பம், ஒன்றுதான் விடை. சாதாரண வட்ட ரம்பத்தில் கீழ்மூடி அறுக்கும்போது விலகிக்கொள்வதால், தகட்டைச் சுற்றி மூடிய அறை என்று ஒன்று இருப்பதில்லை. டிராக் சாவில் தகடு முழுவதும் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அழுத்தும்போதுதான் கீழே இறங்குகிறது. பெட்டியின் பின்புறத்தில் உறிஞ்சும் வாய் இருக்கிறது. 160 மி.மீ. தகடுள்ள ஃபெஸ்டூல் டி.எஸ். 55, 165 மி.மீ. தகடுள்ள மக்கிடா எஸ்.பி. 6000 ஆகிய இரண்டிலும் வேலை செய்திருக்கிறேன். பிளைவுட்டை நடுவில் பிளக்கும்போது தரையில் விழுவது மிகக் குறைவு. ஆனால் ஓரத்தில் இரண்டு மி.மீ. மட்டும் சீவும்போது தகட்டின் ஒரு பக்கம் திறந்த வெளியில் ஓடுவதால், அந்தப் பக்கமாகத் தூள் தப்பிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அளவுகோல்

வைரம்பாய்ந்தவர் அவர்களுக்கு: தகடு தூளை எறியும் விதத்தை நீங்கள் விளக்கியது முற்றிலும் சரி. ஊதுவிசிறி விஷயத்தில் உடன்பட முடியவில்லை. அந்த வகை இயந்திரம் ஏராளமான காற்றை இழுக்கும், ஆனால் அதன் உறிஞ்சும் அழுத்தம் சுமார் 2 முதல் 2.5 கிலோபாஸ்கல்தான், பட்டறை வேக்குவமோ 20 கிலோபாஸ்கலுக்கு மேல் தருகிறது. 100 மி.மீ. குழாயை ஒடுக்கிக் கை ரம்பத்தின் 35 மி.மீ. வாயில் பொருத்தினால், அந்தக் குறுகலைத் தாண்டிக் காற்றை இழுக்கும் திறன் ஊதுவிசிறிக்கு இல்லை. மேசை ரம்பத்துக்கும் இழைப்பு இயந்திரத்துக்கும் நீங்கள் சொல்வது பொருந்தும், கை ரம்பத்துக்குப் பொருந்தாது.

வைரம்பாய்ந்தவர்

புத்தகத்தில் படித்த எண்களை எனக்குச் சொல்ல வேண்டாம். என் பட்டறையில் ஊதுவிசிறிதான் ஓடுகிறது, தரை சுத்தமாகவே இருக்கிறது.

அளவுகோல்

தரையில் விழும் தூளைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அதைத் துடைப்பத்தால் கூட்டிவிடலாம். நுரையீரலுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி. மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்து 1995-இல் வெளியிட்டது. ஒருவர் வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருக்கும்போது, தரை சுத்தமாக இருப்பதை வைத்து நாம் யோசனை சொல்லக் கூடாது.

இழைப்புளி

இருவரும் சற்றுப் பொறுங்கள். கேட்டவர் இன்னும் என் கேள்விகளுக்கே பதில் சொல்லவில்லை.

கொட்டகைத் தச்சர்

தாமதத்திற்கு மன்னிக்கவும். கை ரம்பம்தான், 185 மி.மீ. தகடு, மின்கம்பி உள்ளது. பெரும்பாலும் 18 மி.மீ. பிளைவுட், சில நேரம் எம்.டி.எஃப். குழாய் சரியாகப் பொருந்தாததால் டேப் சுற்றி ஒட்டினேன். வேக்குவம் வீட்டுக்குப் பயன்படுத்துவது. உள்ளே துணிப்பை இருக்கிறது. குழாயின் விட்டத்தை அளக்கவில்லை.

அளவுகோல்

துணிப்பை என்று சொன்னதும் பாதி விளங்கிவிட்டது. இன்றிரவு ஒரு சோதனை செய்து பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, ரம்பத்தைத் தொடாமல், வேக்குவத்தை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்று வெளியேறும் துளையின் குறுக்காக டார்ச் ஒளியைப் பாய்ச்சி, ஒளிக்கு எதிர்ப்புறம் நின்று, ஒளி நேரே கண்ணில் படாதபடி கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். துணியைக் கடந்து வரும் நுண்தூசி ஒளியில் புகைபோலத் தெரியும். அப்படித் தெரிந்தால், ரம்பம் தந்த தூசியை நீங்களே பொடித்து அறை முழுவதும் தூவிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

வேக்குவம் வாங்கும்போது அதன் தூசி வகுப்பைக் கேளுங்கள்; ஐ.ஈ.சி. 60335-2-69 என்ற பன்னாட்டுத் தரம் அதை வகுக்கிறது. எல் வகுப்பு 1 விழுக்காடு வரை தூசியை வெளியே விடலாம், எம் வகுப்பு 0.1 விழுக்காடு, எச் வகுப்பு 0.005 விழுக்காடு. எம்.டி.எஃப். அறுக்கிறீர்கள், வீட்டில் அம்மா இருக்கிறார். எம் வகுப்புக்குக் கீழே போகாதீர்கள். குழாய் 27 மி.மீ. என்றால் 36 மி.மீ.க்கு மாற்றுங்கள், குறுக்குப் பரப்பு 1.78 மடங்காகிறது.

சுத்தியல்

உறிஞ்சுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். தூள் உண்டாவதையே குறைக்கலாமே. 2440 மி.மீ. நீளமுள்ள 18 மி.மீ. பிளைவுட்டை நெடுக அறுத்தால், 2.2 மி.மீ. அகலத் தடம் அறுக்கும் தகடு ஏறத்தாழ 97 கன சென்டிமீட்டர் மரத்தைத் தூளாக்குகிறது, 1.6 மி.மீ. தகடு 70-தான். கால் பங்குக்கு மேல் மிச்சம். ரம்பத்தில் பிளவுக்கத்தி (அறுத்த தடம் மூடிக்கொள்ளாதபடி தகட்டின் பின்னால் நிற்கும் பட்டை) இருந்தால், அது புதிய தகட்டின் அறுவைத் தடத்தைவிட மெல்லியதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாதி வெட்டில் சிக்கிக்கொள்ளும். மழுங்கிய தகடு மரத்தை வெட்டாமல் தேய்ப்பதால் தூள் இன்னும் நுண்ணியதாகிறது. கூர் வைக்கத் தாமதிக்காதீர்கள்.

இன்னொன்று. பலகையை இரண்டு கட்டைகளின் மேல் வைத்து அறுக்கிறீர்களா? அப்படியானால் கீழே திறந்திருக்கும் அறுவைத் தடம் வழியாகத் தூள் கொட்டும், எந்த வேக்குவமும் அதைத் தொட முடியாது. கனமான நுரைப்பலகை ஒன்றைத் தரையில் விரித்து, அதன்மேல் பிளைவுட்டைக் கிடத்தி, தகடு ஒரு பல் உயரம் மட்டும் நுரைக்குள் இறங்கும்படி ஆழத்தை வைத்து அறுங்கள். கீழ்வழி அடைபடுவதால் தூள் மேல்மூடிக்குத் திரும்புகிறது. ஒரே நுரைப்பலகையைப் பலமுறை பயன்படுத்தலாம்.

வைரம்பாய்ந்தவர்

நுரைப்பலகையை நான் முயன்றதில்லை. ஆனால் பிளாஸ்டிக் குழாயில் மின்னேற்றம் சேர்ந்து கையில் ஷாக் அடிக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை; மின்னேற்றம் சேராத குழாயாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கை ரம்பத்தின் சிறு வாய்க்கு வேக்குவமே ஏற்றது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் பட்டறையில் மேசை ரம்பம்தான் பிரதானம். அதை வைத்துப் பேசிவிட்டேன்.

மரவாசம்

ரம்பத்தை இயக்கினால் தானாக ஓடத் தொடங்கி, நிறுத்திய பின்னும் சில வினாடிகள் ஓடும் வேக்குவமாக இருந்தால் நல்லது. குழாயில் மிச்சமிருக்கும் தூள் அந்த நேரத்தில்தான் பைக்குப் போய்ச் சேர்கிறது. எவ்வளவு உறிஞ்சினாலும் எம்.டி.எஃப். அறுக்கும்போது என்95 முகக்கவசம் அவசியம்.

கொட்டகைத் தச்சர்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். டார்ச் சோதனையில் வேக்குவத்தின் பின்புறத்திலிருந்து புகைபோலத் தூசி வந்தது. அம்மாவின் அறைக் கதவின் அடி இடுக்கு வரைக்கும் அது மெதுவாக மிதந்து போனதைப் பார்த்தேன். அந்த வேக்குவத்தை நிறுத்திவிட்டு எம் வகுப்பில் ஒன்றை வாங்கினேன், குழாய் 36 மி.மீ. நுரைப்பலகையின் மேல் பழைய ரம்பத்தால் அறுத்தபோதே நல்ல வேறுபாடு தெரிந்தது. ஆனால் முன்புறத்தில் கீழ்மூடி விலகும் இடத்திலிருந்து இன்னும் தெறிக்கிறது. அதனால் டிராக் சாவும் வாங்க முடிவு செய்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

இழைப்புளி

அது வரும்வரை, அறுக்கும் நேரத்தில் கதவின் அடி இடுக்கை ஈரத்துணியால் அடைத்துவிடுங்கள். டிராக் சாவில் ஓரம் சீவும்போது தூள் எந்தப் பக்கம் போகிறது என்று அதே டார்ச்சால் பார்த்துச் சொல்ல முடியுமா?