எலும்பு முறிவுக்குப் பெரணிக் கிழங்கு: உங்கள் அனுபவம் என்ன?

சிங்கப்பூரிலிருந்து:

அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருந்த நேரம். எலும்பு சேர வேண்டுமானால் "கு சுவெய் பு" என்னும் பெரணிக் (fern) கஷாயம் குடித்தே ஆகவேண்டும் என்று எதிர்வீட்டுச் சீனப் பாட்டி பிடிவாதம் பிடித்து, தமக்குப் பழக்கமான சைனாடவுன் மருந்துக்கடைக்கு எங்களை அழைத்துப் போனார். வைத்தியர் கட்டில்லாத கையில் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். "எலும்பு டாக்டரைக் கேட்காமல் தரமாட்டேன்." வந்த வியாபாரத்தை வேண்டாமென்று சொல்லும் கடையை நான் அதிகம் பார்த்ததில்லை.

வெறுங்கையோடு அனுப்ப மனமில்லையோ என்னவோ, இழுப்பறையைத் திறந்து சரக்கைக் காட்டினார். விரல் நீளத் துண்டு, மேலெல்லாம் பழுப்புச் செதில், தொட்டால் எலிக்குஞ்சைத் தொட்டது போல இருந்தது. மரத்திலும் பாறையிலும் தொற்றி வளரும் பெரணியின் தண்டு அது. பேச்சுவாக்கில்தான் வேர் என்கிறோம். சூடான மணலில் புரட்டினால் தண்டு உப்பிவிடும். ஆறியபின் தேய்த்தால் செதில் உதிர்ந்துவிடும். பக்குவப்பட்ட ஒரு சில்லை நாக்கில் வைத்தேன். லேசான துவர்ப்பு, பின்னாலேயே கசப்பு. பம்பளிமாஸைக் கசக்க வைக்கும் நரிஞ்சின் என்னும் பொருள் இதிலும் உண்டு. சீன அரசின் மருந்து நூல் சரக்கின் தரத்தை அதிலுள்ள நரிஞ்சின் அளவைக் கொண்டுதான் பார்க்கிறது. சரக்கை நாளுக்கு 3 முதல் 9 கிராம் வரை சாப்பிடலாம் என்கிறது. பெரும்பாலும் தூ ஜோங் பட்டை போன்றவற்றோடு சேர்த்துக் கஷாயமாக்குவார்களாம். அந்தப் பட்டையையும் ஒடித்துக் காட்டினார். இரு துண்டுகளுக்கும் நடுவே வெள்ளை இழைகள் அறுபடாமல் நீண்டன.

எலிகளிடமும் எலும்பு செல்களிலும் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. மனிதர்களுக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை. அம்மாவின் எலும்பு கஷாயம் இல்லாமலே கூடிவிட்டது. பாட்டிக்குத்தான் இன்னும் குறை.

ஈப்போவிலிருந்து (மலேசியா):

சிங்கப்பூரில் முடி போன்ற செதிலை உதிர்த்து எறிகிறார்கள். நான் பார்த்த பெரணியில் முடிதான் மருந்து. சீனர்கள் கௌ ஜி என்பார்கள், மலாய்க்காரர்கள் பெனாவார் ஜம்பி என்பார்கள். இங்குள்ள மலைச்சரிவுகளில் வளர்கிறது. கிழங்கு முழுக்கப் பொன்னிற ரோமம். தோட்டத்தில் தாத்தாவுக்குக் கத்தி பட்டபோது பாட்டி ஒரு கொத்து ரோமத்தைப் பிய்த்துக் காயத்தில் வைத்து அழுத்தியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரோமம் ஈரத்தை உறிஞ்ச, ரத்தம் சட்டென்று கட்டிக்கொள்கிறது. கிழங்கை இடுப்புவலிக்குக் கஷாயமாகவும் கொடுப்பார்கள். இதே கிழங்கில் நாலு காம்புகளைக் கால்களாக விட்டு, செடியில் காய்த்த ஆட்டுக்குட்டி என்று ஐரோப்பாவில் காட்டியிருக்கிறார்கள்! 1698இல் லண்டன் மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன்தான் அது வெறும் பெரணி என்று எடுத்துச் சொன்னார். இப்போது பன்னாட்டு வணிகத்துக்கு அனுமதிச்சீட்டு வேண்டும், யாரும் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடாதீர்கள்.

நாமக்கல்லிலிருந்து:

சிங்கப்பூர்க்காரர் சொன்ன பெரணிக்குக் கொல்லிமலையில் பங்காளி இருக்கிறது, நம் முடவாட்டுக்கால்தான். இனம் வேறு, பேரினம் ஒன்று. இங்கே மணலும் இல்லை, கஷாயமும் இல்லை. முடியைக் கத்தியால் சுரண்டி, தோல் சீவி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டோடு அரைத்துக் கொதிக்கவைத்தால் சூப். மூட்டுவலிக்கு நல்லது என்று விற்கிறார்கள். என் மூட்டு அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் மலைக்குப் போனால் குடிக்காமல் இறங்குவதில்லை.