சத்தமில்லாம உக்காந்து செபிக்கிறது தப்பா? சிலுவையோட வெற்றில அதுக்கு பங்கு இருக்கா?

மலைச்சாரல் (தலவாக்கலை):

எல்லாருக்கும் வணக்கம், இங்க நான் எழுதுறது இது தான் மொத தடவ. நாங்க கத்தோலிக்கம், தலவாக்கலை பக்கம் தோட்டம், அம்மா கொழுந்து எடுக்குறாங்க, நான் டவுன்ல ஒரு கடையில நிக்கிறேன். போன தவக்காலத்துல ஒரு தியானத்துக்கு போனப்ப அங்க ஒரு சிஸ்டர் பாடுபட்ட சுரூபத்துக்கு (சிலுவையில இயேசு தொங்குற உருவத்துக்கு) முன்னால உக்காந்து இருக்க சொல்லி குடுத்தாங்க. கேக்க வேண்டியத கேட்டுட்டு பேச்ச நிப்பாட்டு, அவர பாரு, அவர் உன்ன பாக்குறார்னு நம்பி இரு, அவ்வளவு தான்னு சொன்னாங்க. அதுல இருந்து விடிய அம்மா பெரட்டுக்கு (தோட்டத்துல வேலைக்கு பேர் குடுக்க கூடுற எடத்துக்கு) போக முன்ன, அடுப்பு பத்தவச்சிட்டு கொஞ்ச நேரம் அப்பிடி உக்காருறேன்.

எங்க லயத்துலயே (தோட்டத்து வரிசை வீடுகள்ல) ஒரு அக்கா இருக்காங்க, கத்தோலிக்கம் இல்லாத வேற சபைக்கு போறவங்க, ரொம்ப நல்லவங்க, அம்மாவுக்கு சொகமில்லாம இருந்தப்ப தண்ணி தூக்கி குடுத்ததே அவங்க தான். அவங்க ஒருநாள் நான் உக்காந்திருக்கத பாத்துட்டு, இது கிறிஸ்தவ ஜெபம் இல்ல, பேசாம இருந்தா மனசு காலியாகும், காலியான வீட்டுக்கு பிசாசு ஏழு பேர கூட்டிக்கிட்டு வரும்னு பைபிள்லயே இருக்கு, இயேசு சிலுவையில ஜெயிச்சிட்டாரு, அந்த ஜெயத்த வாய தொறந்து அறிக்க பண்ணி எடுத்துக்கணும்னு சொல்லிட்டாங்க. அவங்க அக்கறையில தான் சொன்னாங்க, அதனால தான் எனக்கு இன்னும் கொழப்பமா இருக்கு.

இன்னொன்னும் இருக்கு. சித்தப்பா எறந்ததுல இருந்து அப்பா குடிக்கிறாரு, சம்பளம் வீட்டுக்கு வாறது இல்ல. நான் உக்காந்தா மனசு கடை கணக்குக்கு போகுது, சீட்டு காசுக்கு போகுது, அப்பா எப்ப வருவாருன்னு போகுது. ஒண்ணும் உணருறது இல்ல. சிலுவையோட வெற்றில பங்கு பெறுறதுன்னு சிஸ்டர் சொன்னாங்க, ஆனா ஜெயிச்ச மாதிரி எங்க வீட்டுல ஒண்ணுமே தெரியல. அந்த வெற்றின்னா உண்மையில என்னா? பேசாம உக்காந்திருக்க ஆளுக்கு அது எப்பிடி வந்து சேரும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பழைய உபதேசி (அட்டன்):

மகள், நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க, கொஞ்சம் நீட்டி எழுதுறேன், பொறுமையா வாசிங்க.

மொதல்ல அந்த காலி வீடு. மத்தேயு 12ல ஆண்டவர் சொன்னது வீட்ட கூட்டி பெருக்கிட்டு யாரையும் குடிவைக்காம விட்டவன பத்தி. நீங்க உக்காருறது யாருமில்லாத எடத்துல இல்லயே, பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னால. அவிலா புனித தெரேசம்மா (ஸ்பெயின் நாட்டு கன்னியாஸ்திரி, 1515ல பொறந்தவங்க) தன்னோட வாழ்க்க வரலாற்றுல 22ஆம் அதிகாரம் முழுசும் இத தான் எழுதுறாங்க, எவ்வளவு ஒசந்த தியான நிலைக்கு போனாலும் மனுசனா வந்த இயேசுவ விட்டுட்டு போகாதீங்க, அவரோட உடம்பையும் பாடுகளையும் தாண்டி எங்கயோ வெறுமைக்கு போகணும்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்கன்னு. அதனால உங்க பக்கத்து அக்கா பயப்படுற விசயத்துக்கு திருச்சபையும் பயந்திருக்கு, அதுக்கு பதிலும் சொல்லியிருக்கு. 12ஆம் நூற்றாண்டுல கார்த்தூசிய துறவி ரெண்டாம் கீகோ இந்த வழிய நாலு படியா எழுதி வச்சாரு, வேதத்த வாசி, வாசிச்சத மனசுல போட்டு மெல்லு, அதுல இருந்து வாறத ஆண்டவர்கிட்ட கேளு, அப்புறம் அவர் கையில இளைப்பாறு. கடைசி படி மட்டும் தான் பேச்சில்லாதது, மத்த மூணும் அதுக்கு கீழ தாங்கிக்கிட்டு இருக்கு. நீங்க வாசிக்காமலே நேரா கடைசி படியில ஏறி உக்காருறீங்களான்னு மட்டும் பாத்துக்குங்க.

மனசு கடை கணக்குக்கு போறத பத்தி கவலப்படாதீங்க. அதே தெரேசம்மா, வருசக்கணக்கா செப நேரத்துல மணி எப்ப அடிக்கும்னு காத கொடுத்துக்கிட்டு உக்காந்திருந்ததா தானே எழுதுறாங்க. பின்னாடி திருச்சபை அவங்கள மறைவல்லுநர்னு, அதாவது திருச்சபைக்கே ஆசான்னு அறிவிச்சது, 1970ல, பொம்பளைகள்ல மொத ஆளா. சீட்டு காசு நெனப்பு வந்தா அதையே தூக்கி அவர் காலடியில வைங்க, திரும்ப அவர பாருங்க. நூறு தடவ போனா நூறு தடவ திரும்புங்க, அந்த திரும்புறது தான் செபம்.

இப்ப வெற்றி. கொலோசெயர் 2:15 எடுத்து வாசிங்க. தலைமைகளையும் அதிகாரங்களையும் கிறிஸ்து ஆயுதம் பறிச்சு எல்லாரும் பாக்க ஊர்வலமா இழுத்துட்டு போனாருன்னு பவுல் எழுதுறாரு. ரோமாபுரி படைத்தலைவன் ஜெயிச்சிட்டு வந்தா தோத்தவங்கள சங்கிலி போட்டு தெருவுல நடத்தி காட்டுவான், அந்த படத்த பவுல் எடுக்குறாரு. ஆனா சங்கிலில கெடந்தது யாரு, ஆணியில தொங்குனது யாரு? வெளிய இருந்து பாத்தவனுக்கு ரோமாபுரி ஜெயிச்சிச்சு, நாசரேத்துக்காரன் தோத்தாரு. பவுல் சொல்றாரு அந்த தொங்குன எடத்துலயே தான் ஜெயம் நடந்திச்சுன்னு. உயிர்ப்பு அத வெளிய காட்டிச்சு.

சிலுவையில தொங்குன அந்த நேரத்துல அவர் என்னா செஞ்சாரு? எறங்கி வா, வந்தா நம்புறோம்னு கேலி பண்ணாங்க, எறங்கல. அடிச்சவங்களுக்கு மன்னிப்பு கேட்டாரு. பக்கத்துல தொங்குனவனுக்கு பேரின்ப வீட்ட குடுத்தாரு. அம்மாவ சீடன்கிட்ட ஒப்படைச்சாரு. கடைசில தன்னையே தந்தை கையில குடுத்தாரு. பழி வாங்குற ஆசையும் சாவு பயமும் அவருக்குள்ள ஒரு துளி எடம் புடிக்க முடியாம போயிருச்சு. எபிரேயர் 2:15ல, சாவு பயத்தால வாழ்நாள் முழுக்க அடிமையா கெடந்தவங்கள விடுவிச்சாருன்னு இருக்கு. நம்மள ஆட்டுறது அந்த பயம் தானே, நாளைக்கு என்னா ஆகும், காசு வருமா, மனுசன் திருந்துவானா.

நீங்க பேசாம உக்காந்து அவர பாக்குறப்ப புதுசா ஒரு யுத்தம் பண்ணல. ஞானஸ்நானத்துலயே அவரோட சாவுக்கும் உயிர்ப்புக்கும் உள்ள போயிட்டீங்க (உரோமையர் 6). அவர் செஞ்சத உங்களுக்குள்ள செய்ய விடுறீங்க. அவரோட மன்னிப்பு உங்க மன்னிப்பா ஆகுது, அவர் தந்தைய நம்புனது உங்க நம்பிக்கையா ஆகுது. கலாத்தியர் 2:20ல பவுல் சொல்ற மாதிரி வாழுறது நான் இல்ல, கிறிஸ்துவே. இது கண்ணுக்கு தெரியாம மெதுவா தான் நடக்கும். அப்பா குடிச்சிட்டு வாறப்ப உங்க மனசுல அவர் மேல வெறுப்பு நிக்குதா எரக்கம் நிக்குதான்னு கொஞ்ச மாசம் கழிச்சு பாருங்க, வெற்றிய நான் மொதல்ல அங்க தான் தேடுவேன்.


ஜெபவீரன் (பதுளை):

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உபதேசி ஐயா எழுதினதுல நெறைய நல்ல விசயம் இருக்கு, ஆனா நான் சபைக்கு போறவன், ஒரு விசயம் சொல்லியே ஆகணும். நாங்க சத்தமா ஜெபிக்கிறத பாத்து சும்மா கத்துறாங்கன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. எங்க தாத்தா காலத்துல தொரை வந்தா தலப்பாவ கழட்டிட்டு ஓரமா நிக்கணும், கங்காணி முன்னால கொரல ஒசத்தக்கூடாது, ஆபிஸ்ல கேள்வி கேட்டா பேர் வெட்டிருவாங்க. தலமுற தலமுறயா வாய பொத்திக்கிட்டு நின்ன சனம், வானத்தையும் பூமியையும் படைச்ச தேவனுக்கு முன்னால நேரா நின்னு வாய தொறந்து அப்பான்னு கூப்பிடுது. எங்க ஆத்தா மொத தடவ சபையில கைய தூக்கி சத்தம் போட்டு அழுதத நான் சின்னப்பயலா பக்கத்துல நின்னு பாத்தேன், அதுவரைக்கும் அவங்க கொரல் அவ்வளவு பெருசுன்னு எனக்கு தெரியாது. அதுவும் சிலுவையோட ஜெயம் தான் ஐயா. எபிரெயர் 5:7ல இயேசுவே "பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்" விண்ணப்பம் பண்ணாருன்னு இருக்கு. சிலுவையிலயும் மகா சத்தமா கூப்பிட்டு தான் ஜீவன விட்டாரு.

அதனால தங்கச்சி, அந்த அக்கா சொன்ன அறிக்க பண்றத ஒதுக்கிறாதீங்க. அப்பா பேர சொல்லி வாய் தொறந்து ஜெபம் பண்ணுங்க.

ஆனா பேசாம ஜெபிக்கிறது பிசாசுக்கு கதவு தொறக்குறதுன்னு நானும் சொல்ல மாட்டேன், வேதத்துல அப்பிடி இல்ல. அன்னாள் தேவாலயத்துல ஜெபிச்சப்ப ஒதடு மட்டும் தான் அசைஞ்சிச்சு, சத்தம் கேக்கல, ஏலி ஆசாரியனே அவங்கள குடிச்சிருக்கான்னு நெனச்சிட்டாரு (1 சாமுவேல் 1). கர்த்தர் அத கேட்டு சாமுவேல புள்ளயா குடுத்தாரு. ரோமர் 8:26ல என்னா வேண்டிக்கணும்னே தெரியாத நேரத்துல ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சோட நமக்காக வேண்டுறாருன்னு இருக்கு, அது வார்த்தையே இல்லாத ஜெபம் தானே. அந்த அக்காகிட்ட இந்த ரெண்டு எடத்தையும் எடுத்து காட்டுங்க, வேதத்துல காட்டுனா கேப்பாங்க.


பீலிக்கரை (மஸ்கெலியா):

தங்கச்சி, ஐயாவும் தம்பியும் செபத்த பத்தி சொல்லிட்டாங்க, நான் வேற ஒண்ணு சொல்றேன், ஏன்னா இது எனக்கு ரொம்ப முக்கியமான விசயம். சிலுவைய சுமன்னு நம்ம லயத்து பொம்பளைகளுக்கு எத்தன பேர் எத்தன காலமா சொல்லி வச்சிருக்காங்க. புருசன் அடிச்சாலும் சிலுவை, தவறணைக்கு (குடிக்கிற கடைக்கு) சம்பளம் போனாலும் சிலுவை, மழையில லைட்டு இல்லாத காம்பரா ஒழுகினாலும் சிலுவை. அப்பிடி சொல்றவங்க யாரும் அந்த சிலுவைய தூக்குறது இல்ல. கிறிஸ்துவோட வெற்றில பங்கு பெறுறதுன்னா அநியாயத்த சகிச்சுக்கிட்டு இருக்கிறதுன்னு தயவுசெஞ்சு எடுத்துக்காதீங்க. அவர் சிலுவையில அநியாயத்த ஒப்புக்கல, அதுக்கு பயப்படாம இருந்தாரு.

சிலுவை அருளப்பர் கதைய பாருங்க. தெரேசம்மாவோட சேந்து கார்மேல் துறவற சபைய சீர்திருத்துனவரு. 1577 டிசம்பர்ல அவரோட சொந்த சபைக்காரங்களே புடிச்சு டொலேடோவுல ஒரு சின்ன அறையில அடைச்சு வச்சாங்க, அடி, பட்டினி, வெளிச்சம் கூட சரியா வராத எடம். அங்க இருந்து தான் அவரோட பெரிய ஞானக் கவிதைகள் ஆரம்பிச்சிச்சு, ஒண்ணுமே தெரியாத இருட்டுல ஆண்டவர் கூட இருக்காருன்னு அவர் எழுதுனது சும்மா ஏட்டு படிப்பு இல்ல. ஆனா அதோட நின்னுட்டாரா? 1578 ஆகஸ்ட்ல ராவோட ராவா போர்வைய கிழிச்சு கயிறா முடிஞ்சு ஜன்னல் வழியா எறங்கி தப்பிச்சு போயிட்டாரு. அவ்வளவு ஆழமா செபிச்ச மனுசன், இது என் சிலுவை, இங்கயே கெடக்குறேன்னு சொல்லல.

நம்ம கண்டியிலயும் பாருங்க. கோவாவுல இருந்து வந்த குருவானவர் புனித யோசப் வாஸ் அடிகளார 1692ல போர்த்துக்கேய ஒற்றன்னு ராசாவோட ஆளுங்க காவல்ல போட்டாங்க. அவர் அங்கயே செபிச்சிக்கிட்டு சிங்களம் படிச்சாரு. 1697ல கண்டியில பெரியம்மை வந்து ஊரே நோயாளிய விட்டுட்டு ஓடுனப்ப அவர் ஓடாம கூட இருந்து கழுவி, கஞ்சி குடுத்து, செத்தவங்கள அடக்கம் பண்ணாரு. சாவு பயம் தோத்து போறதுன்னு ஐயா மேல எழுதுனாருல்ல, அது மனுச உடம்புல இப்பிடி தான் இருக்கும்னு நான் நெனைக்கிறேன். 2015 ஜனவரியில பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடல்ல அவர புனிதரா அறிவிச்சப்ப நம்ம மலைநாட்டுல இருந்தும் சனம் பஸ் பஸ்ஸா போச்சு.

அப்பா அடிக்கிறாரா? அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க. அடிச்சா செபத்தோட சேத்து வேற காரியமும் பண்ணணும்.


மலைச்சாரல் (தலவாக்கலை):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வாசிச்சிட்டு அழுதுட்டேன். அக்கா, அப்பா அடிக்க மாட்டாரு, சத்தம் கூட போட மாட்டாரு, வந்து இஸ்தோப்புல (முன் திண்ணையில) சுருண்டு படுத்துருவாரு. காசு தான் பிரச்சின. அன்னாள் கதைய அந்த அக்காகிட்ட காட்டுறேன் அண்ணா.

இன்னும் ஒண்ணு கேக்கணும். பக்கத்து காம்பரால விடியவே டிவி போட்டுருவாங்க, செவுரு மெலிசு, எல்லாம் கேக்கும். அந்த சத்தத்துல எப்பிடி உக்காருறது? எவ்வளவு நேரம் இருக்கணும்?


பழைய உபதேசி (அட்டன்):

மகள், 10 நிமிசம் போதும், கூடிப்போனா 15. நேரத்த கூட்டுறத விட நாள் தவறாம உக்காருறது முக்கியம். மாற்கு 15ல ஒரு நாலு வசனம் மொதல்ல மெதுவா வாசிங்க. டிவி சத்தம் வந்தா அதோட சண்ட போடாதீங்க, கிழக்கத்திய திருச்சபையில காலங்காலமா சொல்ற ஒரு சின்ன செபம் இருக்கு, "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, கடவுளின் மகனே, பாவியாகிய என்மேல் இரக்கம் வையும்", அத மூச்சோட சேத்து மெதுவா சொல்லுங்க, மனசு புடிச்சு நிக்க ஒரு கொம்பு மாதிரி இருக்கும். முடிக்கிறப்ப இயேசு சபைய தொடங்குன புனித இஞ்ஞாசியார் சிலுவைக்கு முன்னால கேக்க சொன்ன மூணு கேள்விய கேளுங்க, கிறிஸ்துவுக்காக நான் என்ன செஞ்சேன், என்ன செய்யுறேன், என்ன செய்யணும். மூணாவது கேள்வில தான் அப்பா விசயமும் வரும்.

குடி ஒரு நோய், அதையும் சொல்லிடுறேன். ஆஸ்பத்திரில மனநல கிளினிக் நடக்குற நாள் விசாரிச்சு கூட்டிக்கிட்டு போக பாருங்க, அப்பாவுக்கு தன் தம்பி எறந்த துக்கம் உள்ள கெடக்கு போல. உங்களுக்கும் தூக்கம் இல்லாம சோறு எறங்காம இருந்தா, செபத்துல வாற வறட்சின்னு நெனச்சு விட்டுறாம டொக்டர்கிட்ட சொல்லுங்க.

லீவு கெடச்சா அப்புத்தளை அடிசம் மடத்துக்கு ஒருக்கா போயிட்டு வாங்க. வெள்ளக்காரன் கட்டுன பங்களா, இப்ப பெனடிக்ட் சபை துறவிகளோட மடம். நெறைய பேர் அங்க விக்கிற பழ ஜேம் வாங்கி படம் புடிச்சிட்டு வந்துருவாங்க, நீங்க கொஞ்ச நேரம் செபிச்சிட்டு வாங்க. எல்லா நாளும் உள்ள விட மாட்டாங்க, கேட்டுக்கிட்டு போங்க.


ஜெபவீரன் (பதுளை):

தங்கச்சி, விடிய எத்தன மணிக்கு உக்காருறீங்கன்னு சொல்லுங்க. அந்த நேரம் நானும் இங்க உங்க அப்பாவுக்காக ஜெபிக்கிறேன், நான் சத்தமா தான் ஜெபிப்பேன்.


மலைச்சாரல் (தலவாக்கலை):

அஞ்சே காலுக்கு அண்ணா. ஞாயித்துக்கெழம மட்டும் ஆறாகும், அன்னைக்கு பெரட்டு இல்ல.