மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஊர் திரும்பும் முன் வரிக் கணக்கை முடிப்பது எப்படி?

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே செம்பனை ஆலை ஒன்றில் மூன்று ஆண்டுகள் பொறியாளராகப் பணியாற்றிய நான், ஒப்பந்தம் முடிந்து மதுரைக்குத் திரும்பவிருக்கிறேன். கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைப்பதாகக் கூறுகிறார்கள், இது முறைதானா?

மறுமொழி: முறைதான், தம்பி. நாட்டை விட்டுச் செல்லும் ஊழியரைப் பற்றி முதலாளி குறைந்தது 30 நாள்களுக்கு முன்பே சிபி21 படிவத்தின் வழி உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குத் தெரிவித்து, வரித் தீர்வுக் கடிதம் வரும் வரை அல்லது 90 நாள்கள் வரை பணத்தைப் பிடித்து வைக்க வேண்டும். படிவம் போய்விட்டதா என்று இன்றே கேளுங்கள்.

மறுமொழி: 2025 அக்டோபர் முதல் சம்பளத்தில் பிடித்த 2 விழுக்காட்டு ஊழியர் சேமநிதியையும் எடுக்க மறவாதீர்கள். பணம் வந்து சேரும் வரை வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.

கேட்டவர்: நன்றி, அண்ணா. படிவம் கையொப்பமின்றிக் கணக்காளரின் மேசையிலேயே கிடந்தது. என் கண்முன்னே அனுப்பச் செய்துவிட்டேன்.