கிகாங்கோ: ‘நினைவுத்தூண்’ போதாது, ‘நடுகந்து’ எனலாமா?

> கென்யக் கடற்கரையில் மிஜிகெண்டா மக்கள் இறந்தவருக்காக நிறுத்தும் செதுக்குப் பலகையான கிகாங்கோவுக்குத் தமிழில் ‘நினைவுத்தூண்’ என்றே போட்டுவிடலாமே. பார்த்ததும் புரியும்.

வணக்கம் ஐயா.

புரியும்தான். ஆனால் என்னை உறுத்துவது அந்த ‘நினைவு’. மிஜிகெண்டாவில் ஒரு பிரிவினரான கிரியாமா மக்களிடம் ஒருவர் இறந்தவுடன் கிகாங்கோ நிற்பதில்லை. அவர் கனவில் வருகிறார், அல்லது வீட்டில் நோய்நொடி விடாமல் தொடர்கிறது. குறி கேட்டால், இறந்தவர் தமக்கு ஓர் இடம் கேட்கிறார் என்று தெரிகிறது. அப்புறம்தான் மரம் தேர்ந்து செதுக்கி நடுகிறார்கள். உடலைப் புதைத்த இடத்தில் அல்ல, குடியிருப்பை ஒட்டி. அதன் முன் கள் ஊற்றிப் படைத்துப் பேசுகிறார்கள். அவர் அங்கே இருக்கிறார் என்பதுதான் அவர்கள் கொள்கை. இதே காரணத்தால் ‘கல்லறைக் கம்பம்’ என்ற முன்மொழிவையும் ஏற்க முடியவில்லை. கல்லறையே அங்கே இல்லையே.

‘தூண்’ என்பதும் இடிக்கிறது. தூண் எதையாவது தாங்க வேண்டும். இது தட்டையான நெடும்பலகை. மேலே வட்டமான தலை, உடலெங்கும் முக்கோண வெட்டுகள். கறையான் எளிதில் அரிக்காத கடினமான மரம்.

நான் தேடிப் போனது ‘கந்து’ என்ற சொல்லிடம். யானை கட்டும் தறி என்று நமக்குத் தெரியும். அதே சொல் தெய்வம் உறையும் மரத்தையும் குறித்தது. பட்டினப்பாலையில் ‘கந்துடைப் பொதியில்’ வருகிறது. அந்தியில் விளக்கேற்றிப் பலரும் தொழும் இடம் அது. உள்ளே ஒருவர் உறையும் மரம் என்பதற்கு இவ்வளவு நெருக்கமாக வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

> கந்து என்றால் இன்று கந்துவட்டிதான் ஞாபகம் வரும். ‘முன்னோர் கந்து’ என்றால் கொஞ்சம் தெளியும்.

அக்கா, கந்துவட்டி பற்றிய கவலை நியாயமானது. ஆனால் ‘முன்னோர்’ முழுக்கப் பொருந்தவில்லை. 1985இல் மானிடவியலாளர் மோனிகா உட்வார்டி ஒரு கிரியாமா பெரியவரை இரண்டு கிகாங்கோவோடு படம் எடுத்தார். அவை அந்தப் பெரியவரின் உடன்பிறந்தவர்களுக்காக நட்டவை. உடன்பிறந்தவரை முன்னோர் என்போமா? ‘நீத்தார்’ என்றால் குறள் படித்தவர்களுக்குத் துறவிகள் நினைவுக்கு வருவார்கள்.

அந்தப் படத்தின் கதை அதோடு முடியவில்லை. எடுத்த சிறிது காலத்திலேயே இரண்டும் களவு போயின. அமெரிக்காவில் வெவ்வேறு அருங்காட்சியகங்களில் கண்டுபிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே திரும்பி வந்தன. உட்வார்டியும் இன்னொரு மானிடவியலாளரான லிண்டா கைல்ஸும் தேடியபோது 19 அமெரிக்க அருங்காட்சியகங்களில் 294 கிகாங்கோ இருந்தன. டென்வர் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 30ஐத் திருப்பிக் கொடுக்க 2014இல் முன்வந்தது. நட்ட கிகாங்கோவைப் பிடுங்கக் கூடாது. ஊரே இடம் பெயர்ந்தாலும் அதை அங்கேயே, தானாக இற்றுப்போக விட்டுவிட்டுத்தான் போவார்கள். அப்படி ஆளில்லாமல் நின்றவைதான் திருடர்களுக்கு எளிதாகிப் போயின. கலைப்பொருள் சந்தையில் ‘ஆப்பிரிக்கச் சிற்பம்’ என்று விற்றுவிட்டார்கள். சிற்பம் என்றால் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் அல்லவா?

அதனால்தான் சொல்லுக்குள்ளேயே ‘நடு’ இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். நடுகந்து. நடுகல் போலவே வினைத்தொகை, வல்லினம் மிகாது. நடுகல் அறிந்த எவருக்கும் இறந்தவருக்காக நட்டது என்பது உடனே புலப்படும், கந்துவட்டி குறுக்கே வராது. நடுகல் பெரும்பாலும் போரில் வீழ்ந்தவருக்கு; கிகாங்கோவோ ‘கோஹு’ என்னும் செல்வாக்குள்ள ஆண்கள் சங்கத்தின் உறுப்பினருக்கு. இந்த வேறுபாட்டை விளக்கக் குறிப்பில் சொல்லிக்கொள்ளலாம், சொல் சுமக்க வேண்டியதில்லை.

இரண்டு சிறு விஷயங்கள். கிகாங்கோ ஒருமை, விகாங்கோ பன்மை. ‘விகாங்கோக்கள்’ என்று எழுதினால் பன்மைமேல் பன்மை. தமிழில் ஒருமை வடிவத்தையே வைத்துக்கொள்வோம்.

மற்றது, சங்கத்தில் சேராத சாதாரண மக்களுக்கு நடும் சிறிய, செதுக்கு வேலை அதிகமில்லாத கட்டை. அதன் பெயர் கோமா. அதை அப்படியே எழுதினால் வாசகர் மருத்துவமனைக்குப் போய்விடுவார். ‘சிறுகந்து’ என்று நினைக்கிறேன், அவ்வளவு உறுதியாக இல்லை. ‘முளை’ வைத்து யாராவது நல்லதாகச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

நடுகந்து – இறந்தவரின் ஆவி உறையும் இடமாகச் செதுக்கி நடும் மரம்; நட்டபின் பெயர்க்கலாகாது. கென்யாவின் மிஜிகெண்டா மக்களிடையே ‘கிகாங்கோ’.

‘ஆவி’யா ‘உயிர்’ஆ என்பதை மட்டும் சொல்லுங்கள், ஏற்றிவிடுகிறேன்.