புதுப்பிப்பு: சமையலறை மேடை, 8 மாதங்களுக்குப் பிறகு

வேளச்சேரி வீட்டுக்கு வெள்ளைக் குவார்ட்ஸா, கறுப்பு கிரானைட்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி கிரானைட்டே போட்டேன். மஞ்சள்தூள் கொட்டினாலும் ஒரு துடைப்பு போதும். ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, குழாயடியில் வெள்ளை வட்டமாகப் படிந்து கண்ணை உறுத்துகிறது. இதை ஒருவரும் சொல்லவில்லையே! இரவில் ஈரம் போகத் துடைத்துவிட்டால் படிவதில்லை.

ஓடுகளின் இடுக்குகளுக்கு எபாக்ஸி (எளிதில் கறை ஏறாத பிசின் கலவை) பூசியது என் ஒரே புத்திசாலித்தனம். தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தும் அந்தக் கோடுகள் கறுக்கவில்லை.

சிங்க் அடியில் மட்டும் சிக்கனம் பார்த்து சாதாரண பிளைவுட் போட்டேன். ஐப்பசி மழை முடிவதற்குள் ஓரம் அப்பளமாக உப்பிவிட்டது. இப்போது ஐ.எஸ். 710 (நீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரையுள்ள பலகைக்கு மாற்றியாயிற்று. தச்சர் முதலிலேயே எச்சரித்தார். மாமியாரும் எச்சரித்தார்; அவர் இன்னும் நிறுத்தவில்லை.